ஆற்றுத் திட்டில் கிடை

"ஆபீஸ்ல தப்புப் பண்றவனுக்கு ஒண்ணும் ஆகாதுய்யா. அதை உள்ளே கொண்டுபோய்ச் சொல்றான் பாருங்க, அவனுக்குத்தான்..."

வேலைக்குச் சேர்ந்த அன்று டீக்கடையில் நின்று தலைமை எழுத்தர் நவநீதன் சொன்னது. ஓய்வுபெறும் வயதில் இருந்தவர். 'அவனுக்குத்தான்' என்ன என்பது தவசிலிங்கத்துக்குக் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பாதிப் பேச்சுதான் காதில் விழுந்தது. பயப்படுவதற்கு அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது.

நாற்பது வயதுக்கு மேல் கிடைத்த முதல் ஆபீஸ் வேலை. அணைக்கட்டு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்த மனைவி இறந்துபோக, கருணை அடிப்படையில் அவனுக்குக் கொடுத்தார்கள். அவள் நாற்காலி, அவள் மேசை. மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் பொறியாளர் அவனைப் பற்றி நல்லபடியாக எழுதி அனுப்ப வேண்டும்.

புதன்கிழமை மாலை ஆபீஸ் முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் பிடித்து ஆற்றங்கரை மடத்துக்கு வந்தான்.

மரகதம்மாள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். துறவு பூண்டு அந்த மடத்தில் இருப்பவர். அவருக்கும் அவன் வயதுதான். மனைவி போன பிறகு அவனைப் படுக்கையிலிருந்து எழுப்பிவிட்டது அவர் பேச்சு. அன்றிலிருந்து அவரைக் குருவாக வரித்திருந்தான்.

"வா தவசி. மூஞ்சி ஏன் இப்படிக் கிடக்கு?"

அவன் எதிரில் உட்கார்ந்தான். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டான்.

"அம்மா, பயம் எப்படிப் போகும்?"

"எதைக் கண்டு பயம்?"

"பெல்லைக் கண்டு."

"எந்த பெல்?"

"பொறியாளர் மேசையில இருக்குல்ல, அது. அவர் அமுக்கினா கையில இருக்கிற பேப்பரைக் கீழே போட்டுடறேன். நேத்து வீட்டு வாசல்ல பால்காரன் சைக்கிள் மணியை அடிச்சான். எந்திரிச்சு நின்னு 'இதோ வந்துட்டேன் சார்'னுட்டேன்."

அம்மாள் சிரித்தார். "பால்காரன் என்ன சொன்னான்?"

"'எனக்கு எதுக்கு சார் சாரு, பாத்திரத்தைக் கொண்டாங்க'ன்னான்."

"சரி, ஆபீஸ் போய் என்ன கத்துக்கிட்ட?"

அவன் யோசித்தான். "தலையாட்ட. புரிஞ்சாலும் ஆட்டணும், புரியலைன்னாலும் ஆட்டணும். அவர் கேட்டு முடிக்கிறதுக்குள்ள ஆட்டிடணும்."

"பரவாயில்லையே. சீக்கிரமே கத்துக்கிட்ட."

சாலையில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று மெதுவாக வந்தது. 'வெள்ளிக்கிழமை அதிகாலை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்படுவதால் பொதுமக்கள் யாரும் ஆற்றில் இறங்கவோ கால்நடைகளை இறக்கவோ வேண்டாம்...'

"உங்க ஆபீஸ் அறிவிப்பா?"

"ஆமாம்மா. நான் டைப் அடிச்சதுதான்."

அவன் ஒரு கீரைத் தண்டை எடுத்து ஒடித்தான். இன்னொன்றை எடுத்து ஒடித்தான்.

தண்ணீர் திறப்பது வெள்ளிக்கிழமை இல்லை. வியாழக்கிழமை. விடிந்தால் வியாழன். மேலிருந்து வந்த உத்தரவில் சரியாகத்தான் இருந்தது. அவன் மாற்றி அடித்துவிட்டான். பொறியாளர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். ஆபீஸ் முடியும் நேரத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அவனுக்குத் தெரிந்தது. சொல்லிவிடலாம் என்று பொறியாளர் அறையின் அரைக்கதவு வரைக்கும் போனான். உள்ளே பெல் அடித்தது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். தன் தப்பைச் சொன்னால் போதாது. ஐயா படிக்காமல் கையெழுத்துப் போட்டதை ஐயாவிடமே போய்ச் சொல்ல வேண்டும்.

யாராவது பார்த்துத் திருத்திவிடுவார்கள் என்று பஸ்ஸில் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தான். ஆட்டோ வளைவில் திரும்பி அடுத்த ஊருக்குப் போய்விட்டது.

அது போன திசையிலிருந்து ஆடுகள் வந்தன. சாலையை அடைத்துக்கொண்டு வந்தன. முன்னால் கம்போடு உடையணன். ஊர் ஊராக ஆடு மேய்த்துப் போகிறவர். பின்னால் அவர் மனைவி ஒரு குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"தாயி, தண்ணி வெள்ளிக்கிழமைதான வருது? இன்னிக்கு ராவு ஆத்துக்குள்ள அந்தத் திட்டுல ஆடுகளை மடக்கிக் கிடையைப் போட்டுக்கிறோம். நல்ல புல்லு கெடக்கு. மேட்டுல நாய்த் தொல்லை தாங்கலை."

"என்னை ஏன் கேக்கிற? ஆபீஸ்காரரே உட்கார்ந்திருக்கார். அவரைக் கேளு."

உடையணன் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "சார், இறங்கலாங்களா?"

தவசிலிங்கத்தின் தலை ஆடியது.

அவன் ஆட்டவில்லை. அதுவாக ஆடியது. கேட்டு முடிப்பதற்குள் ஆடிவிட்டது.

"நல்லதுங்க சார்."

ஆடுகள் கரையிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிந்து இறங்கின. கழுத்து மணி ஒவ்வொன்றும் கேட்கும்போது அவன் உடம்பு தூக்கிப் போட்டது. அவர்கள் மணலைத் தாண்டித் திட்டில் ஏறினார்கள்.

அம்மாள் அவன் முன்னால் கிடந்ததைப் பார்த்தார். தண்டெல்லாம் பொடிப்பொடியாக ஒடிந்திருந்தது.

"பயத்துக்கு வழி சொல்லலையே அம்மா," என்றான்.

அவர் எழுந்து உள்ளே போனார். பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். ஆற்றுப் படியில் இறங்கத் தொடங்கினார்.

"எங்கம்மா?"

"திட்டுக்கு. மடத்துல ஒரே புழுக்கம். உடையணன் சம்சாரம் நல்லாப் பேசும். ராத்திரிக்கு அங்கேயே படுத்துக்கிறேன்."

"வேண்டாம்மா."

"ஏன்?"

"பூச்சி பொட்டு இருக்கும்."

"அத்தனை ஆட்டுக்கு இல்லாத பூச்சியா எனக்கு?" இன்னொரு படி இறங்கினார்.

"பனி விழும்மா."

"போர்வை வாங்கிக்கிறேன்." இன்னொரு படி.

"அம்மா, போகாதீங்க!"

கத்திவிட்டான். அரசமரத்துக் காக்கைகள் எழும்பிப் பறந்தன.

மரகதம்மாள் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்த ஆளு கேட்டப்ப தலை ஆடுச்சு. எனக்குன்னா மட்டும் உனக்கு எங்கிருந்து வாய் வந்துச்சு?"

தவசிலிங்கம் எழுந்தான். அவரைத் தாண்டி ஆற்றுக்குள் இறங்கினான். உடையணனை ஆடுகளோடு கரைக்குக் கூப்பிட்டான். மணலில் நின்றபடியே பொறியாளருக்குப் போன் போட்டான்.