செவ்வாயை முந்திய ராஜா

எந்த நாடு, எந்த ஆற்றங்கரை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. முன்னொரு காலத்தில் சேந்தன் என்று ஒரு ராஜா இருந்தார்; அவர் செவ்வாய்க்கிழமை பிறந்தவர். அதை அவர் மறந்ததும் இல்லை, மற்றவர்களை மறக்க விட்டதும் இல்லை. வானத்தில் செவ்வாய்க் கிரகம் பளிச்சென்று தெரிந்தால் அன்று அரண்மனையில் எல்லோருக்கும் பாயசம். மங்கலாகத் தெரிந்தால் ராஜா யாரோடும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

அரண்மனை மைதானத்தின் ஓரத்தில் அவர் ஒரு பள்ளிக்கூடம் கட்டியிருந்தார். மந்திரி வீட்டுப் பிள்ளைகளும் குதிரைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக உட்கார்ந்து படித்தார்கள். அவர்களுக்கு வான சாஸ்திரம் சொல்லிக்கொடுத்தவர் அரியநாச்சி என்ற ஆசிரியை. மனப்பாடம் செய்ய வைப்பதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. வகுப்பறைச் சுவரில் பிள்ளைகளை விட்டே சுண்ணாம்பால் நட்சத்திரங்களை வரையச் சொன்னார். மழை இல்லாத மாலைகளில் எல்லோரையும் வெளியே அழைத்துப் போய், செவ்வாய் எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பார்க்கவைத்து, சுவரில் அதே இடத்தில் காவியால் ஒரு புள்ளி வைக்கச் சொன்னார்.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் ராஜா பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தார். தம்முடைய கிரகம் சுவரில் இருப்பதைக் கண்டதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காவிப் புள்ளிகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைத் தாண்டி, ரோகிணியை நோக்கிப் புள்ளிகள் வரிசையாகப் போயின. பிறகு நெருங்கின. பிறகு ஓரிடத்தில் வளைந்து, வந்த பக்கமே திரும்பின.

இது என்ன என்று ராஜா கேட்டார். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து, “செவ்வாய் திரும்பிப் போகுதுங்க, மகாராஜா” என்றாள்.

ராஜாவின் விரல் சுவரிலேயே நின்றுவிட்டது. ஜோசியர்கள் காலங்காலமாக ‘வக்ரம்’ என்று சொல்லிவந்த விஷயம்தான் அது. ஆனால் அந்தச் சொல்லை இந்த ராஜாவின் காதில் போடும் தைரியம் அதுவரை ஒருவருக்கும் வந்ததில்லை. அன்று அவர் சாப்பிடவில்லை. தம் கிரகம் பின்னால் போனால் தம் ஆட்சியும் பின்னால்தான் போகும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

இதற்காகவே காத்திருந்தவர் போல வந்தார் தலைமை மந்திரி இருங்கோளர். பள்ளிக்கூடம் இருந்த கட்டடத்தைத் தம் யானைகளுக்குக் கொட்டிலாக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மறுநாள் சபையில் எழுந்து, கிரகத்தைப் பார்த்து விரல் நீட்டுவதும் அதன் பாதையைச் சுவரில் கிறுக்குவதும்தான் இந்த விபரீதத்துக்குக் காரணம் என்றார். பள்ளியைப் பூட்டி, அந்த ஆசிரியையை நாட்டைவிட்டு அனுப்பினால் செவ்வாய் தானாகச் சரியாகும் என்றும் சொன்னார்.

சபையில் சாத்தையன் என்று ஒரு விகடகவி இருந்தான். வயிறு பெருத்தவன், வாய் சும்மா இராதவன். ராஜா அவன் பேச்சுக்கு மட்டும் சிரிப்பார் என்பதால் இருங்கோளருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. சாத்தையன் எழுந்து, சின்னப் பிள்ளைகள் விரலை நீட்டிச் செவ்வாயை ஓட்ட முடியுமென்றால், நம் படைவீரர்கள் எல்லோரும் விரலை நீட்டி எதிரிகளை ஓட்டிவிடலாமே என்றான். சபையில் சிலர் சிரித்தார்கள். ராஜா சிரிக்கவில்லை.

இருங்கோளர் அந்த இடைவெளியில் புகுந்தார். “அரசே, இவ்வளவு பேசுகிற சாத்தையனே அந்தப் பொறுப்பை ஏற்கட்டும். செவ்வாய் பின்னால் போகாதபடி செய்து காட்டட்டும்.”

ராஜா சாத்தையன் பக்கம் திரும்பினார். “நல்லது. சாத்தையா, வருகிற பௌர்ணமி வரை உனக்குத் தவணை. அதற்குமேல் என் கிரகம் பின்னால் போகக் கூடாது. போனால் பள்ளி பூட்டப்படும். அந்த அம்மையார் எல்லை ஆற்றைக் கடந்து போக வேண்டியதுதான். நீயும் உடன் போவாய்.”

சாத்தையன் சபையிலிருந்து கிளம்பினான். நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். விஷயம் அதற்குள் அங்கே வந்துவிட்டிருந்தது. அரியநாச்சி சுவடிகளைத் துணியில் கட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் அப்படி உட்கார்ந்து சாத்தையன் பார்த்ததே இல்லை.

“ஏம்மா, அது நெசமாவே பின்னாடி போகுதா?” என்று கேட்டான்.

“போகலைங்க. அது எப்பவும் போல முன்னாடிதான் போகுது. நமக்குத்தான் அப்படித் தெரியுது.”

“எனக்குப் புரியலையே.”

“சொன்னாப் புரியாது, ஐயா. ஓடிப் பாருங்க.”

அவர் முற்றத்தில் சாம்பலால் இரண்டு வட்டங்கள் போட்டார், ஒன்றுக்குள் ஒன்று. நடுவில் ஒரு விளக்கை வைத்து, அது சூரியன் என்றார். வெளி வட்டத்தில் ஒரு மாணவி மெதுவாக நடந்தாள். உள் வட்டத்தில் சாத்தையனை ஓடச் சொன்னார். ஓடும்போது அவளைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது, அவளுக்குப் பின்னால் தூரத்தில் எந்த மரம் தெரிகிறது என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். சாத்தையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். இரண்டு சுற்று முடிந்ததும் மூச்சிரைக்க உட்கார்ந்துவிட்டான். பிறகு அவன் வயிறு குலுங்கத் தொடங்கியது. அழுகிறானோ என்று பிள்ளைகள் கிட்டே வந்து பார்த்தார்கள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். “அந்த மூட்டையைப் பிரிங்கம்மா” என்றான்.

மறுநாள் அவன் ராஜாவிடம் போய், செவ்வாய்க்காக ஒரு சடங்கு, ஓர் அரச பவனி, நடத்த வேண்டும் என்றான். மைதானத்தில் இரண்டு வட்டப் பாதைகள் போடப்படும். உள் பாதையில் மகாராஜா குதிரையில் வர வேண்டும். வெளிப் பாதை பெரியது, செவ்வாய்க்கே உரியது; அதில் வரத் தகுதியானவர் சபையிலேயே உயர்ந்தவராக இருக்க வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் இருங்கோளர் எழுந்துவிட்டார். எல்லோர் கண்ணிலும் படவேண்டும் என்று கொட்டிலிலேயே உயரமான யானையைத் தாமே தேர்ந்தெடுத்தார். சிவப்புப் பட்டும் போர்த்திக்கொண்டார். அந்த யானை உயரம்தான், ஆனால் கிழடு.

பௌர்ணமிக்கு முந்தின நாள் மாலை, வெயில் தாழ்ந்த பிறகு ஊரே மைதானத்தில் கூடியது. இருவரும் ஒரே திசையில் புறப்பட்டார்கள். வழியெல்லாம் இருங்கோளர் மேலேயே கண் இருக்க வேண்டும் என்று சாத்தையன் ராஜாவிடம் சொல்லியிருந்தான். யானை கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருந்தது. ராஜாவின் பார்வைக்கு அது தூரத்துப் புளியமரத்திலிருந்து கோபுரத்தை நோக்கி நகர்ந்தது. குதிரை வேகம் பிடித்து நெருங்க நெருங்க, யானை கோபுரத்துக்கு நேராக அப்படியே நின்றது போலிருந்தது. குதிரை யானையை எட்டித் தாண்டியபோது இருங்கோளர், யானையும் பட்டுமாக, கோபுரத்தை விட்டு வழுக்கிக்கொண்டு புளியமரத்துக்கே திரும்பிப் போனார்.

ராஜா கண்ணைக் கசக்கிக்கொண்டார். இன்னொரு சுற்று வந்தார். இந்த முறை வேறு மரங்கள். ஆனால் அதே கதைதான்.

ராஜா குதிரையை விட்டு இறங்கியதும் சாத்தையன் எல்லோரும் கேட்கும்படி, “மகாராஜா, தாங்கள் கண்டது என்ன?” என்றான்.

“இருங்கோளர் பின்னால் போனார்” என்றார் ராஜா. “என் கண்ணால் பார்த்தேன்.”

அரச பவனியில் பின்வாங்குகிறவன் பதவியை இழப்பான் என்பது அந்த நாட்டுச் சட்டம். சாத்தையன் வருத்தமான முகத்தோடு அந்தச் சட்டத்தைச் சபைக்கு நினைவூட்டினான். இருங்கோளர் யானை மேலிருந்து சறுக்கி இறங்கி ஓடிவந்து ராஜாவின் முன்னால் விழுந்தார். பட்டு நழுவிப் புழுதியில் கிடந்தது.

“அரசே, சத்தியமாகச் சொல்கிறேன். என் யானை ஓர் அடிகூடப் பின்னால் வைக்கவில்லை. தங்கள் குதிரை வேகமாக வந்து என்னைத் தாண்டியது. அதனால் தங்கள் பார்வைக்கு நான் பின்னால் போவதுபோல் தோன்றியிருக்கிறது. நான் முன்னால்தான் வந்துகொண்டிருந்தேன்.”

“கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை” என்றான் சாத்தையன். “இன்னொரு முறை சொல்லுங்கள்.”

இருங்கோளர் இன்னும் உரத்த குரலில் சொன்னார். பாதி சொல்லும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் நிறுத்தினால் பதவி போகும். ஆகவே முழுவதையும் சொல்லி முடித்தார்.

சாத்தையன் ராஜாவை வணங்கினான். “மகாராஜா, தங்கள் உத்தரவு நிறைவேறிவிட்டது. செவ்வாய் பின்னால் போகவில்லை. அதற்குத் தலைமை மந்திரியாரே சாட்சி.”

ராஜா வானத்தை நிமிர்ந்து பார்த்தார். கிழக்கே செவ்வாய் சிவப்பாக மேலே வந்துகொண்டிருந்தது. பிறகு அரியநாச்சியை அருகே அழைத்து, “எல்லாம் சரி, அம்மா. இருங்கோளரை நான் தாண்டியது குதிரையில். செவ்வாயைத் தாண்டிய குதிரை எது?” என்று கேட்டார்.

“நாம் நிற்கிற இந்த மண்தான், மகாராஜா. நாம் உள்வட்டத்தில் சூரியனைச் சுற்றுகிறோம். செவ்வாய்க்கு வெளிவட்டம், அதன் நடையும் மெதுவானது. அதை நெருங்கித் தாண்டும் சமயங்களில் இப்படித் தெரியும். தாண்டி விலகியதும், தை மாதத்தில், அது மறுபடி முன்னால் போவதைத் தாங்களே பார்க்கலாம்.”

ராஜா காலுக்குக் கீழே பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: “அப்படியானால் நான் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியேவா செவ்வாயை முந்திக்கொண்டிருக்கிறேன்?”

“ஆமாம், மகாராஜா.”

அப்போதுதான் அவர் சிரித்தார். இத்தனை நாள் அடைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்த சிரிப்பு அது. கண்ணில் நீர் வரும்வரை ஓயவில்லை. அவர் சிரிப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள், குதிரைக்காரர்கள் சிரித்தார்கள், கடைசியில் வேறு வழியில்லாமல் இருங்கோளரும் சிரித்தார்.

பள்ளிக்கூடத்தோடு அந்த மைதானத்தையும் பிள்ளைகள் பாடம் படிக்கவென்றே எழுதிவைத்தார் ராஜா. அரியநாச்சிக்கு அரசவையில் இருக்கை கொடுத்தார். இருங்கோளரின் பதவி தப்பியது, ஆனால் யானைக் கொட்டில் ஆசை அன்றோடு போயிற்று. சாத்தையனுக்குத் தம் தோளில் கிடந்த சரிகைச் சால்வையைப் போர்த்தி, வேறென்ன வேண்டும் என்று கேட்டார். இப்போதைக்கு வீட்டுக்குப் போக அனுமதி போதும் என்றான் அவன்.

போனவன் வயிறாரச் சாப்பிட்டுப் படுத்தான். மறுநாள் உச்சிப்பொழுது தாண்டியும் சபைக்கு வரவில்லை. விசாரிக்கப் போன சேவகன் திரும்பி வந்து, சாத்தையன் இன்னும் தூங்குகிறான், எழுப்பட்டுமா என்று கேட்டான்.

“எழுப்பாதே” என்றார் ராஜா, மறுபடி சிரித்துக்கொண்டு. “படுத்துக் கிடந்தாலும் அவனும் நம்மோடு வந்துகொண்டுதானே இருக்கிறான்.”