நண்டு வளைகளில் தேடிய எலிகள்

ஏரிக்கரையில் குறுவாலி என்ற வயல் எலி தன் குட்டியைக் காணாமல் தவித்துக்கொண்டிருந்தது.

சற்று முன்புதான் ஒரு பருந்தின் நிழல் கரைமேல் விழுந்தது. குறுவாலி புல்லுக்குள் பாய்ந்தது. குட்டி பொடியன் எதிர்ப்பக்கம் ஓடி, நீரோரத்தில் வரிசையாக இருந்த நண்டு வளைகளில் ஏதோ ஒன்றுக்குள் புகுந்துகொண்டது. எந்த வளை என்று குறுவாலி பார்க்கவில்லை.

பருந்து போய்விட்டது. ஆனால் மேற்கே பெய்த மழைநீர் ஏரிக்கு வந்துகொண்டிருந்தது. தண்ணீர் வளைகளுக்குள் நுழைந்தால் பொடியன் பிழைக்காது!

அந்தக் கரை எலிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வளைகளில் எதைத் தேடினாலும் வரிசையின் முதலிலிருந்து தொடங்கும். உள்ளே தலையை விட்டுக் கூப்பிடும். பதில் இல்லையென்றால் வளையின் வாயை மண்ணால் மூடிவிட்டு அடுத்ததற்குப் போகும். மூடாமல் விட்டால் நண்டு பின்னாலேயே வந்து வாலைக் கவ்விவிடும். தேடியது கிடைத்ததும் அங்கேயே நின்றுவிடும். அடுத்த வளையைத் தொடாது.

குறுவாலியும் அப்படித்தான் தொடங்கியது. "பொடியா! பொடியா!" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு இரண்டு மூன்று வளைகளைத் தாண்டுவதற்குள் தண்ணீர் அதன் பின்காலை நனைத்தது. இன்னும் எத்தனை வளைகளோ!

அதன் அலறலைக் கேட்டுக் கொழுந்தன் நெட்டைமீசையும், நாத்தனார் செவலையும், செவலையின் கணவன் கட்டையனும் ஓடி வந்தன.

"அண்ணி! நீங்கள் ஒவ்வொன்றாகத் தேடி முடிப்பதற்குள் ஏரி நிரம்பிவிடும்!" என்றது நெட்டைமீசை. "நாலு பேர் இருக்கிறோம். நாலு வளைக்குள்ளும் ஒரே நேரத்தில் தலையை விடுவோம்!"

"விடலாம் தம்பி. ஆனால்..."

"அண்ணிக்கு 'ஆனால்' சொல்லாமல் பொழுதே விடியாது!" என்றது செவலை. பேச்சோடு பேச்சாக ஒரு வளைக்குள் தலையை விட்டது. மற்ற மூன்றும் அடுத்தடுத்த வளைகளுக்குள் தலையை விட்டன.

"இங்கே இல்லை!" என்று கத்திய செவலை, உடனே மண்ணைச் சரசரவென்று தள்ளத் தொடங்கியது.

பக்கத்து வளையில் குறுவாலி காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. மண் சரியும் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. 

"நிறுத்து செவலை! நீ தள்ளுகிற மண்ணில் என் காதே அடைத்துவிட்டது! பொடியன் முனகினாலும் கேட்காது. கேட்காமல் நான் இந்த வாயை மூடிவிட்டால், பெற்ற பிள்ளையை நானே புதைத்தது போல் ஆகாதா?"

செவலையின் கால்கள் அப்படியே நின்றன.

"முதலில் நாலு பேரும் கேட்போம்" என்றது குறுவாலி. "நாலு பேரும் 'இல்லை' என்ற பிறகுதான் யாரும் மண்ணைத் தொட வேண்டும். ஒருவர் 'இருக்கிறான்' என்றாலும் எல்லோரும் அங்கேயே நின்றுவிட வேண்டும்!"

மறுபடி தலையை விட்டன.

"இல்லை!"

"இல்லை!"

"இல்லை!"

"நண்டுதான் இருக்கிறது! என் மூக்கைக் கிள்ளிவிட்டது!" என்றது கட்டையன்.

நாலு வளைகளின் வாய்களையும் ஒன்றாக மூடின. அடுத்த நாலும் அப்படியே. வேலை பறந்தது. ஆனால் ஒவ்வொரு 'இல்லை'யும் குறுவாலியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அடுத்த நாலு வளைகளில் கடைசி வளைக்கு நெட்டைமீசை முந்தி ஓடியது. அதற்கு முந்தின வளையில் நின்ற குறுவாலி எட்டிப் பார்த்தது. மற்ற மூன்று வளைகளின் வாயிலும் நண்டுகள் உருட்டிப் போட்ட மண் உருண்டைகள் கிடந்தன. கடைசி வளையின் வாயில் ஒன்றுகூட இல்லை.

"தம்பி! தலையை விடாதே!"

"ஏன் அண்ணி? தண்ணீர் வந்துவிட்டது!"

"அது நண்டு இருக்கிற வளை இல்லை. வாயைப் பார்! ஏதோ ஒன்று உரசி உரசி வழவழப்பாகியிருக்கிறது."

நெட்டைமீசை பின்வாங்கியது. "பொடியன் இதற்குள் போயிருந்தால்?"

குறுவாலி அந்த வளையை மறுபடி ஒரு முறை பார்த்தது. பெற்றவளுக்கு அந்த எண்ணம் வராமலா இருக்கும்?

"ஒவ்வொன்றாகத் தேடியிருந்தால் இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் அங்கே வருவோம். அதற்குள் அவன் கிடைத்துவிட்டால் அந்தப் பக்கமே போக மாட்டோம். இப்போதும் அப்படியே செய்வோம். மூன்றிலும் இல்லையென்றால் நான் தலையை விடுகிறேன். நீ விடக் கூடாது!"

மூன்று தலைகள் மூன்று வளைகளுக்குள் போயின. நெட்டைமீசை வெளியே நின்றது. தண்ணீர் வளைகளின் வாயை நக்கியது.

"இல்லை!" என்றது கட்டையன்.

"இல்லை!" என்றது செவலை.

குறுவாலி 'இல்லை' என்று சொல்லவில்லை. மறுபடி கூப்பிட்டது. "பொடியா! பருந்து போய்விட்டதடா!"

அடியிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. "நிஜமாகவா அம்மா?"

"இருக்கிறான்!" என்று வீறிட்ட குறுவாலி, குட்டியின் காதைக் கவ்வி வெளியே இழுத்தது. அதன்பிறகு யாரும் மண்ணைத் தொடவில்லை. எந்த வளைக்குள்ளும் எட்டிப் பார்க்கவில்லை.

தண்ணீர் கடைசி வளைக்குள் வழிந்தது. உள்ளிருந்து ஒரு பிளந்த நாக்கு நீண்டது. பின்னாலேயே பாம்பின் தலையும் வந்தது.

"அதற்குள் கிளம்பிவிட்டீர்களா? யாராவது அவசரப்பட்டுத் தலையை நீட்டுவீர்கள் என்று வாயைத் திறந்து வைத்திருந்தேனே!"

"அண்ணி!" என்று அலறியது நெட்டைமீசை. அண்ணி அதற்குள் குட்டியோடு கரையின் உச்சிக்கு ஏறிவிட்டிருந்தது. மற்ற மூன்றும் விழுந்தடித்துக்கொண்டு அதன் பின்னால் ஓடின.

பலர் கூடி விரைந்து செய்யும் வேலையிலும், தனியாகச் செய்தால் எங்கே நிற்போமோ அங்கே நிற்கத் தெரிய வேண்டும்.