தலைச்சனுக்கு இலை இல்லை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குத் திடீரென்று சிக்கனத்தின் மேல் ஆசை வந்தது. சிலருக்கு மாம்பழத்தின் மேல் வருமே, அந்த மாதிரி. விளக்குக்கு எண்ணெயைக் குறைத்தார். யானைக்குக் கரும்பைக் குறைத்தார். அதற்குமேல் எதைக் குறைப்பது என்று தெரியாமல் சபையைப் பார்த்தார்.

களஞ்சிய மந்திரி புண்டரீகர் எழுந்தார்.

"மகாராஜா, சத்திரத்துச் சோற்றையும் மருந்துச் சாலைக் கஷாயத்தையும் ஏரிக்கரைக்காரர்கள் தீர்த்துவிடுகிறார்கள். அவர்கள் நம்மவர்கள் அல்லவே?"

ஏரிக்கரைக்காரர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஏரி தூர்ந்து போனபோது மண் வெட்ட ஆள் போதவில்லை. ராஜாவே முத்திரை வைத்து ஓலை அனுப்பி, மேற்கே மலைக்கு அப்பாலிருந்து வரவழைத்த குடும்பங்கள் அவை. ஏரியை ஆழப்படுத்தினார்கள். கரையிலேயே குடியிருந்தார்கள். ஊரார் கட்டும் வரியைத் தாங்களும் கட்டினார்கள். வேலை இல்லாத மாதங்களில் ஊராரோடு சத்திரத்துப் பந்தியில் உட்கார்ந்தார்கள்.

"அவர்களை அழைத்தது நாம்தானே, புண்டரீகரே?"

"வேலைக்கு அழைத்தோம், பிரபு. விருந்துக்கா அழைத்தோம்?"

சபை சிரித்தது. சபையைச் சிரிக்க வைக்கவே சம்பளம் வாங்கும் கோனேரி மட்டும் சிரிக்கவில்லை.

"ஒரு சந்தேகம், மந்திரியாரே. மண் வெட்டுகிறவன் வயிற்றைப் பிறந்த ஊரிலேயே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டுமா?"

புண்டரீகருக்கு முகம் கறுத்தது. கோனேரி வாய் திறந்தாலே ராஜா அவன் பக்கம் திரும்பிவிடுவார் என்பது அவருடைய நெடுநாள் எரிச்சல். இன்று விடுவாரா?

"உத்தரவை நானே சொல்கிறேன், பிரபு. அரசுக் களஞ்சியத்துச் சோறும் அரசு மருந்தும் இந்நாட்டு மண்ணில் பிறந்தவர்களுக்கு மட்டுமே. 'விலக்கு எவருக்கும் இல்லை' என்றும் சேருங்கள். இல்லாவிட்டால் கோனேரி ஏதாவது சந்து கண்டுபிடிப்பான். பிறந்த இடத்தை விசாரிக்கும் வேலையையும் அவனுக்கே கொடுங்கள். தகாத ஒருவருக்கு ஒரு கவளம் போனாலும் அவன் நாட்டை விட்டுப் போகட்டும்."

ராஜா தலையசைத்தார்.

"ஓர் எழுத்தும் பிசகாமல் நிறைவேற்றுகிறேன், மகாராஜா" என்று கோனேரி குனிந்து வணங்கினான்.

பறை அறைந்தார்கள். மறுநாள் காலை மருந்துச் சாலை வாசலில் கோனேரி நின்றான். விசாரிக்க ஆள் வந்தால்தானே? எட்டத்தில், புளியமரத்தடியில் மட்டும் ஒரு பெண் துணிப்பொட்டலம் போல எதையோ அணைத்துக்கொண்டு நின்றாள். ஏரிக்கரைச் செவந்தி.

"ஏம்மா, அங்கயே நிக்கிறே?"

"கிட்ட வந்தா கேப்பீங்களாமே சாமி, எங்க பொறந்தேன்னு."

"கேக்கத்தான் என்னை நிறுத்தியிருக்காங்க. கையில யாரு?"

"எம் மவன். நேத்துலேருந்து ஒடம்பு அனலாக் கொதிக்குது. பாலும் கொஞ்சமாத்தான் குடிக்குது."

"இவன் எங்க பொறந்தான்?"

"இங்கதான். ஏரிக்கரையில. போன தையில."

"அட, அப்ப இவனுக்கு எல்லாம் உண்டே! நேத்தே தூக்கிட்டு வர்றதுக்கென்ன?"

"உண்டா?" அவள் நம்பாமல் பார்த்தாள். "பறை அடிச்சவரு எங்களுக்கு இல்லேன்னு சொல்லிட்டுப் போனாரு. கேக்க வந்தா ஊரை விட்டே துரத்திருவாங்கன்னு எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டோம். இது நெருப்பாக் காயவும்தான் மனசு கேக்காம ஓடியாந்தேன்."

வைத்தியர் மருதையா குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கஷாயத்தைக் கிண்ணத்தில் ஊற்றினார். ஊற்றியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன வைத்தியரே?"

"பால்குடிப் பிள்ளைப்பா. இந்த மருந்தை நேரா ஊத்தக் கூடாது. தாய் குடிக்கணும், தாய் வேளாவேளைக்குப் பத்தியச் சோறு சாப்பிடணும். பால் வழியாத்தான் பிள்ளைக்குப் போகும். ஏம்மா, நீ எங்க பொறந்தவ?"

"மேக்கே, மலைக்கு அந்தாண்ட."

"கேட்டியா கோனேரி? பிள்ளைக்கு உரிமை இருக்கு, குடிக்க முடியாது. தாயால குடிக்க முடியும், உரிமை இல்ல. இந்தக் கிண்ணத்தை நான் யார் வாயில வைக்கட்டும்?"

குழந்தையின் உதடு காய்ந்து வெடித்திருந்ததைக் கோனேரி பார்த்தான். கொடுத்துவிடலாம். கொடுத்தால் அவனை எல்லைக்கு அனுப்புவார்கள்; நாளைக்கு வேறொருவன் இந்த வாசலில் நிற்பான்.

"வைத்தியரே, கஷாயத்தை ஆற விடாதீங்க. தாயே, என்னோட அரண்மனைக்கு வா."

"அய்யோ, அரண்மனைக்கா? எனக்குப் பயமா இருக்கே!"

"எனக்குந்தான். வா."

அரண்மனையில் மத்தியானப் பந்திக்கு இலை போட்டாகிவிட்டது. ராஜா கைகழுவிக்கொண்டு வந்தார். வாசற்படியில் கோனேரி குறுக்கே நின்றான். அவனுக்குப் பின்னால், தூண் மறைவில், குழந்தையோடு செவந்தி.

"மகாராஜா, தாங்கள் பிறந்தது எங்கே?"

"உனக்குப் பைத்தியமா? இந்த அரண்மனையில்தான்!"

"இல்லையப்பா" என்றாள் ராஜமாதா. அவள் ஒரு மூலையில் இலை இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். "கோனேரி என் இலையை முன்னமே எடுத்துவிட்டான். நான்தான் மலைக்கு அப்பாலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவளாயிற்றே. நீ தலைச்சன் இல்லையா? தலைப்பிரசவத்துக்குச் சீர் கொண்டுவந்து எங்கள் அப்பா என்னை அழைத்துப் போனார். அங்கேதான் பிறந்தாய். அப்புறம் பல்லக்கில் இங்கே கொண்டுவந்தோம். எல்லைச் சாவடியில் நீ போட்ட கூச்சலில் காவலாளி காதைப் பொத்திக்கொண்டான்."

சேனாபதி மெல்லத் தன் இலையை மடித்தார். அவரும் தலைச்சன், அவருடைய தாயாரும் மலைக்கு அப்பால். அவருக்கு அடுத்து உட்கார்ந்திருந்த புலவரும் எழுந்துகொண்டார்.

"நான் ராஜா, கோனேரி!"

"அரண்மனைச் சோறும் களஞ்சியத்துச் சோறுதானே, பிரபு? விலக்கு எவருக்கும் இல்லை. மந்திரியார் சேர்த்தது."

"இந்த நாட்டுக்காக நான் உழைக்கிறேன்!"

"ஏரிக்கரையிலும் அதையேதான் சொல்கிறார்கள்."

"என்னை இங்கே வரவழைத்தவர் அப்போதைய ராஜா!"

"அவர்களை வரவழைத்தவர் இப்போதைய ராஜா."

புண்டரீகர் அவசரமாக முன்னால் வந்தார். "நான் வீட்டுக்கு ஐந்தாவது பிள்ளை. இந்த ஊரிலேயே பிறந்தேன்."

"அப்படியானால் அமருங்கள், மந்திரியாரே. தங்களுக்குத் தடை ஏது?"

சோறு வந்தது. பருப்பு வந்தது. நெய் மணந்தது. பசித்த ராஜா எதிரே நின்று பார்த்துக்கொண்டிருக்க, புண்டரீகர் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். ஒரு கவளம் மேலே வரவேண்டுமே!

"ஏன் நிறுத்திவிட்டீர்? சாப்பிடும்" என்றார் ராஜா.

"இவன் எங்கே பிறந்தானாம், கேளுங்கள் பிரபு!" என்று புண்டரீகர் கோனேரியைக் காட்டினார்.

"எல்லை ஆற்றின் நடுவில், பரிசலில். அதனால் எனக்குப் பாதி இலைதான் போட்டுக்கொண்டிருக்கிறேன்."

ராஜாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அதற்குள் தூண் மறைவிலிருந்து ஓர் அழுகை கேட்டது. அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது, அவ்வளவு சன்னம். கோனேரி செவந்தியை முன்னால் அழைத்து, கிண்ணத்தின் கதையைச் சொன்னான். இந்தத் தடவை அவன் குரலில் கேலி இல்லை.

ராஜா தாயைப் பார்த்தார்.

"அம்மா, பல்லக்கில் வந்த காலத்தில் எனக்குச் சுரம் கண்டதுண்டா?"

"காணாமலா? பிழைப்பாயோ மாட்டாயோ என்று ஆகிவிட்டது."

"மருந்து?"

"நான்தான் குடித்தேன். இதே மருந்துச் சாலையிலிருந்து வந்தது. எங்கே பிறந்தாய் என்று என்னை யாரும் கேட்கவில்லையப்பா."

ராஜா உத்தரவு ஓலையை வாங்கி இரண்டாக முறித்தார். "வைத்தியரைக் கூப்பிடுங்கள். முதலில் இவள் குடிக்கட்டும். இவள் சாப்பிட்ட பிறகு எனக்கு இலை போடுங்கள்."

செவந்தி கஷாயத்தை ஒரே மடக்கில் குடித்தாள். கசப்பில் முகம் கோணினாலும் கிண்ணத்தில் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் மறுநாள் சத்திரத்தில் ஏரிக்கரைக்காரர் ஒருவரையும் காணோம். அதற்கடுத்த நாளும் காணோம்.

"உத்தரவு ரத்து என்று பறை அறைவித்தேனே, கோனேரி?"

"முதல் உத்தரவும் பறையில்தானே போயிற்று, பிரபு? அந்தச் சத்தம் இன்னும் அவர்கள் காதில் இருக்கிறது."

"இப்போது என்ன செய்ய?"

"ஒரு வேளை சத்திரத்தில் சாப்பிடுங்கள். மலைக்கு அப்பால் பிறந்தவர் ஒருவர் பந்தியில் இருந்தால் மற்றவர்களுக்குக் கூச்சம் விடும்."

ராஜா போனார். பந்தியில் ஊராரோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதலில் செவந்தி எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் திரும்பி ஓடி, "வாங்க, வாங்க! யாரும் கேக்கல!" என்று கூவினாள். ஒவ்வொருவராக வந்தார்கள். இடம் போதாமல் செவந்தி ராஜாவுக்குப் பக்கத்திலேயே உட்கார வேண்டியதாயிற்று. சுரம் இறங்கிய குழந்தை அவள் மடியிலிருந்து எம்பி, ராஜாவின் இலைப் பாயசத்தில் கையை முழங்கை வரை விட்டது.

செவந்தி பதறிக் குழந்தையை இழுத்தாள்.

"விடம்மா, விடு" என்றார் ராஜா. "அவன் இந்த மண்ணில் பிறந்தவன், அவனுக்கு உரிமை உண்டு. எனக்குத்தான் இல்லை!"

சொல்லிவிட்டுச் சிரித்தாரே ஒரு சிரிப்பு, சத்திரத்துக் கூரைப் புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன. தோளில் கிடந்த சரிகைச் சால்வையை எடுத்துக் கோனேரிக்குப் போர்த்தினார். "வேறென்ன வேண்டும், கேள்."

"முழு இலை, மகாராஜா" என்றான் கோனேரி.

அன்று பந்தியில் பரிமாறியவர் யார் தெரியுமா? புண்டரீகர். ஏரிக்கரைக்காரர்கள் இரண்டாம் முறை சோறு கேட்டபோதும் முகம் சுளிக்காமல் போட்டாராம்.