செங்கோடனும் குஞ்சு லாரியும்

ஒரு ஊர்ல ஒரு லாரி இருந்துச்சு கண்ணு. அதை ஓட்டுறவன் பேரு செங்கோடன். அவன் சீட்டுக்கு அடியில ஒரு தகரப்பெட்டி. ஜாக்கி, ஸ்பானர், சுத்தி, கம்பி, பழைய டியூப்பு எல்லாம் அதுக்குள்ள கிடக்கும். வண்டி ஆடினா கடகடா கடகடான்னு சத்தம் போடும்.

ஒரு நாள் நாமக்கல்லுல பெட்டி பெட்டியா கோழிக்குஞ்சு ஏத்தினான். அன்னிக்குத்தான் பொரிஞ்ச குஞ்சுங்க. மஞ்ச மஞ்சேர்னு பஞ்சு உருண்டையாட்டம் இருக்கும். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு பண்ணைக்குப் போகணும். குஞ்சு பொரிய நேரமாயிட்டதால வெயில் ஏறினப்புறம்தான் வண்டி கிளம்புச்சு. சித்திரை வெயில்! வண்டி ஓடினா குஞ்சுங்களுக்குக் காத்து வரும். நின்னுட்டா புழுங்கியே செத்துப்போயிடும். அதனால செங்கோடன் டீ குடிக்கக்கூட நிறுத்தல. ம் கொட்டு சாமி... ஆங், அப்படித்தான்.

கொஞ்ச தூரம் போனதும் படார்! டயர் வெடிச்சிருச்சு. பின்னாடி குஞ்செல்லாம் கீச் கீச் கீச்னு ஒரே கூப்பாடு. செங்கோடன் குதிச்சான். கிரீச் கிரீச்னு ஜாக்கி போட்டுத் தூக்கினான், வேற டயரை மாட்டினான். "இந்தா கிளம்பிட்டோம்டா தங்கங்களா"ன்னு சொல்லிக்கிட்டே ஏறினான்.

அப்புறம் இன்னும் கொஞ்ச தூரம் போனா, புஸ்ஸ்ஸ்! ரேடியேட்டர் தண்ணி போற ரப்பர் குழாய் கிழிஞ்சு ஒரே ஆவி. பழைய டியூப்பைப் பட்டையா அறுத்து, குழாயில சுத்திச் சுத்திக் கம்பியால இறுக்கிக் கட்டினான். சூடு அடங்கக் காத்திருந்தான். ஆனா தண்ணி? அவங்கிட்ட ஒரே ஒரு கேன் தண்ணிதான். குஞ்சுங்களும் தவிக்குது, அவனுக்கும் நாக்கு வறளுது. கேனைக் கையில வெச்சுக்கிட்டு நின்னான் பாவம். வண்டி நகர்ந்தாத்தான் குஞ்சு பிழைக்கும்னு அத்தனையும் ரேடியேட்டர்ல ஊத்திட்டான். அவன் ஒரு மடக்குக்கூடக் குடிக்கல.

ம்? முழிச்சிருக்கியா?

அப்புறம் ஓட்டி ஓட்டிப் பண்ணைக்குப் பக்கத்துல வந்துட்டான். ரோடெல்லாம் குண்டும் குழியும். தடக் தடக்னு குலுங்கினதுல டீசல் குழாய் லூசாகி உள்ள காத்து பூந்துக்கிச்சு. டுர்ர்... டுர்... டப். வண்டி நின்னுபோச்சு. குழாயை இறுக்கிட்டான். ஆனா உள்ள போன காத்தை வெளிய விடணுமே, அதுக்கு ஒரு நட்டைக் கழட்டணும். இவன் ஸ்பானர் வாய் தேய்ஞ்சு கிடக்குது. வைக்கிறான், வழுக்குது. வைக்கிறான், வழுக்குது. பின்னாடி கீச் கீச் சத்தம் சின்னதாயிக்கிட்டே வருது. செங்கோடனுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு.

அந்நேரம் பாம் பாம்னு எதுத்தாப்புல ஒரு உப்பு லாரி. தூத்துக்குடி டிரைவர், மரியதாசுன்னு பேரு.

"என்ன தம்பி, வண்டி மக்கர் பண்ணுதோ?"

"டீசல்ல காத்துங்ணா. நட்டு கழல மாட்டேங்குது. உள்ள குஞ்சுங்க இருக்குதுங்ணா!"

அவர் வேற எதுவும் கேக்கல. தன் பெட்டியைத் தூக்கிட்டு ஓடி வந்தார். ஸ்பானரை வெச்சு ஒரு திருகு. டக்! நட்டு கழண்டுச்சு. செங்கோடன் என்ஜின்ல இருக்கற டீசல் கைப்பம்பை அமுக்க, குபுகுபுன்னு நுரை வந்துச்சு, அப்புறம் சுத்தமா டீசல் வந்துச்சு. நட்டை இறுக்கி சாவியைத் திருகினா, டுர்ர்ர்ர்! மரியதாசு தன் தண்ணிக் குடத்தையே தூக்கிக் குடுத்தார்.

"உங்களுக்குங்ணா?"

"வழியில பிடிச்சிக்கிடுதேன். நீ முதல்ல கிளம்பு தம்பி!"

பண்ணைக்குப் போய்ச் சேர்ந்து ஒவ்வொரு பெட்டியா இறக்கினாங்க. எல்லாத்துலயும் கீச் கீச். ஆனா மூலையில இருந்த ஒரு பெட்டியில மட்டும் சத்தமே இல்ல. திறந்தா, குஞ்செல்லாம் தலை சாஞ்சு கிடக்குது. செங்கோடன் மர நிழல்ல உக்காந்து, விரலைத் தண்ணியில நனைச்சு ஒவ்வொரு அலகுலயும் சொட்டு சொட்டா வெச்சான். ஒண்ணும் அசையல. திரும்பத் திரும்ப வெச்சான். அப்போ ஒரு குஞ்சு கண்ணைத் திறந்து அவன் விரலை நறுக்குன்னு கொத்துச்சு! "ஆ!"ன்னு கத்திட்டுச் சிரிச்சான். கண்ணுல தண்ணி கொட்டுது, சிரிப்பும் வருது. அப்புறம் பக்கத்துல இருந்தது எந்திரிச்சுச்சு. அதுக்குப் பக்கத்துல இருந்தது எந்திரிச்சுச்சு. சிலது எந்திரிக்கவே இல்ல சாமி. அதுங்களை மரத்தடியில புதைச்சான். மத்ததெல்லாம் வயிறு முட்டத் தண்ணி குடிச்சு, ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு தூங்கிருச்சு.

செங்கோடனும் அங்கயே துண்டை விரிச்சுப் படுத்துட்டான். கதையும் அவன் பக்கத்துல படுத்துக்கிச்சு. நீயும் கண்ணை மூடு.