பன்னிரண்டாம் பக்கம்

குளக்கரைப் புங்கமரத்தடியில் மிருகங்களின் பள்ளிக்கூடம் நடந்து வந்தது. ஐந்தாம் வகுப்புக்கு மைனா டீச்சர். பங்குனி பிறந்து புங்கை பூத்ததும், முள் நிறைந்த காய்ந்த இலந்தைக் கிளை ஒன்றை வகுப்பு நடுவில் நட்டு வைத்தார்.

"ஒரு புத்தகம் படிச்சா ஒரு முள்ளுல ஒரு பூ குத்தலாம். யார் அதிகம் குத்துறாங்களோ அவங்கதான் அக்கரைச் சுற்றுலாவுக்குப் பள்ளிக்கூடம் மொத்தத்தையும் முன்னால நடந்து கூட்டிட்டுப் போகணும்" என்றார்.

அணில் வேம்பிக்கு அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. தான் முன்னால் நடக்க வேண்டும், அதைத் தங்கை சிமிட்டி பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. சிமிட்டி மூன்றாம் வகுப்பு. அக்கா சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில்கூடக் குதிப்பாள்.

ஆனால் அத்தனை புத்தகத்தையும் யார் உட்கார்ந்து படிப்பது? வேம்பி முதல் பக்கத்தைப் படித்தாள், கடைசிப் பக்கத்தைப் படித்தாள், பூவைக் குத்தினாள். டீச்சர் கதை கேட்டால் ஆரம்பத்தையும் முடிவையும் கடகடவென்று ஒப்பித்தாள். டீச்சர் பாவம், முப்பது வால்களைக் கட்டி மேய்க்கிறவர். சரி சரி என்று தலையாட்டிவிட்டார்.

முள்ளெலி உருண்டையோ மாதம் முழுக்க ஒரே புத்தகத்தோடு கிடந்தான். 'குளத்தைக் கடக்கும் வழி' என்று அதற்குப் பெயர்.

"இன்னுமாடா அதையே படிக்கிற? நான் அதை எப்பவோ முடிச்சாச்சு" என்றாள் வேம்பி.

"பன்னிரண்டாம் பக்கம் பயமா இருக்கு. அதான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்."

"பயந்தாங்கொள்ளி" என்று சொல்லிவிட்டு வேம்பி அடுத்த பூவைப் பறிக்கப் போனாள்.

கடைசியில் எண்ணிப் பார்த்தார்கள். வேம்பிக்கு நாற்பத்திரண்டு பூ, உருண்டைக்கு ஒன்றே ஒன்று.

சுற்றுலா நாள் வந்தது. சாப்பாட்டை ஏற்பாடு செய்ய மைனா டீச்சர் முன்கூட்டியே அக்கரைக்குப் பறந்துவிட்டார். வேம்பி தலையை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தாள், அவள் வாலை ஒட்டிச் சிமிட்டி. குட்டைக் கால் உருண்டை வரிசையின் கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான்.

'கிழக்கு மணல்திட்டு வழியாகப் போனால் சீக்கிரம் சேரலாம்' என்றது 'குளத்தைக் கடக்கும் வழி'யின் முதல் பக்கம். 'எல்லோரும் சுகமாக அக்கரை சேர்ந்தார்கள்' என்றது கடைசிப் பக்கம். இதற்கு மேல் என்ன வேண்டும்? வேம்பி கிழக்கே திரும்பினாள்.

மணலில் ஒரு பெரிய கட்டை குறுக்கே கிடந்தது.

"சிமிட்டி, நீ முதல்ல ஏறு" என்றாள். சிமிட்டி சந்தோஷமாகத் தாவி ஏறினாள்.

கட்டை கண்ணைத் திறந்தது.

"என் முட்டைகிட்ட வந்து என் முதுகுலயே ஏறுறது யாரு?" என்றது முதலை.

வேம்பி இரண்டடி பின்வாங்கினாள். சிமிட்டியின் குட்டிக் கால்கள் குதித்து ஓடத் தயாராவது மட்டும் தெரிந்தது.

"ஓடாதே சிமிட்டி! அசையாம நில்லு!"

கத்திக்கொண்டே கடைசியிலிருந்து உருண்டை பந்தாக உருண்டு வந்து முன்னால் விழுந்தான். எழுந்து முதலையின் முகத்துக்கு நேரே நின்றான்.

"அம்மா, தெரியாம வந்துட்டோம். உங்க முட்டையை யாரும் தொடலை. அவளை இறக்கி விடுங்க, மேற்கு வழியாப் போயிடுறோம்."

முதலை அவனை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு மெல்ல உடம்பை மணலில் தாழ்த்தியது. சிமிட்டி வழுக்கி இறங்கினாள்.

"நீ பன்னிரண்டாம் பக்கம் படிச்ச பிள்ளை. பங்குனியில இங்க முட்டை இருக்கும், இந்தப் பக்கம் வராதீங்க, தப்பி வந்துட்டா ஓடாதீங்கன்னு நான்தான் சொல்லி எழுத வெச்சேன். ஓடுறதைப் பார்த்தா என் வாய் சும்மா இருக்காது. முட்டை போட்டவ புத்தி அப்படி" என்ற முதலை, வேம்பியின் பக்கம் திரும்பியது. "முன்னால நடந்து வந்தது நீதானே? உங்க பள்ளிக்கூடத்துல அந்தப் புத்தகம் இல்லையா?"

சிமிட்டி அக்காவைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"அக்கா, அந்தப் புத்தகத்துக்கும் நீ பூ குத்தினியே?"

முதலையைப் பார்த்தபோதுகூட வேம்பி இப்படி ஒடுங்கவில்லை. அவர்கள் மேற்கு வழியாகத் திரும்பினார்கள். உருண்டை முன்னால் நடந்தான். மீதி வழி முழுக்கச் சிமிட்டி அவன் பின்னாலேயே நடந்தாள். அக்கா பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

மறுநாள் மணி அடிக்கும் முன்பே வேம்பி தன் நாற்பத்திரண்டு பூக்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள். டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு 'குளத்தைக் கடக்கும் வழி'யை எடுத்து இரண்டாம் பக்கத்தில் ஆரம்பித்தாள்.

படிக்காததைப் படித்தேன் என்று சொல்கிறவர், தம்மை நம்பிப் பின்னால் வருகிறவரைத்தான் முதலில் ஆபத்தில் தள்ளுகிறார்.