உட்கருவில் பூட்டிய செண்பகவடிவு

கள்ளிப்பொத்தை மேல்நிலைப் பள்ளியில் அறிவுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. அது மொத்தமும் கணக்குப் பிரிவில் போய் உட்கார்ந்துகொண்டதுதான் பிரச்சினை. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் பிரிவில் மிச்சம் இருந்தது நான்கே பெண்கள். நால்வரும் பள்ளிக்குப் பின்னால் இருந்த விடுதியில் ஒரே பாயில் படுத்து, ஒரே தட்டில் தின்று, ஒரே தப்பைச் செய்து வந்தார்கள்.

'இந்த வருடம் ஒருத்தியாவது தேறாவிட்டால் உயிரியல் பிரிவை மூடிவிடுவோம்' என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. பதினாறு வருடமாக அந்தப் பிரிவைப் பிள்ளை போல வளர்த்த ஜெபக்கனி டீச்சர் அதைப் படித்துவிட்டு அழுதே விட்டார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்புக்கு வந்தார். அன்றைய பாடம் மூலக்கூறு மரபியல்.

"பிள்ளைகளா, சும்மா மனப்பாடம் பண்ணாதீங்க. செல்லுக்குள்ள என்ன நடக்கோ, அதை நீங்களே செஞ்சு பாருங்க. அப்பதான் மண்டையில நிக்கும்" என்றார்.

டீச்சர் சொல்லுக்கு மறுசொல் உண்டா? அன்று சாயங்காலமே நால்வரும் சேர்ந்து ஒரு செல் ஆனார்கள்.

செல்லின் நடுவில் உட்கரு. அதற்குள் டி.என்.ஏ. இருக்கும். உயிரின் மொத்த ரகசியமும் அதனிடம்தான். ஆனால் அது வெளியே வராது. நால்வரில் புத்தகத்தை ஒரு தடவையாவது முழுதாகப் படித்தவள் செண்பகவடிவு. ஆகவே அவள் டி.என்.ஏ. ஆனாள். விடுதியில் அரிசி மூட்டை அடுக்கும் அறை உட்கரு ஆனது.

உள்ளே போய் உட்கார்ந்ததும் செண்பகவடிவுக்கு ஒரு சந்தேகம். "ஏளா, டி.என்.ஏ. கக்கூசுக்குப் போகுமா?"

புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்கள். எங்கேயும் இல்லை.

"பாடத்துல இல்லாதது பரீட்சையில வராது. அதனால நீ போனாலும் போனதாக் கணக்கில்ல. போயிட்டு வா" என்று தீர்ப்புச் சொன்னாள் உச்சிமாகாளி. எதையும் நியாயப்படி செய்ய வேண்டும் அவளுக்கு.

டி.என்.ஏ. சொல்வதை நகலெடுத்து வெளியே கொண்டுபோவது தூது ஆர்.என்.ஏ. அந்த வேலை முப்பிடாதிக்கு. கொண்டுவந்த சீட்டை வாசிக்கும் ரைபோசோம், உச்சிமாகாளி. ரைபோசோம் மூன்று மூன்று எழுத்தாகத்தான் வாசிக்கும். ஒவ்வொரு மூன்றுக்கும் ஒரு அமினோ அமிலத்தைத் தூக்கிவந்து சங்கிலியாகக் கோர்த்தால் புரதம். தூக்கிவரப் பூரணவல்லி தயார். அமினோ அமிலத்துக்கு எங்கே போவது? கொண்டைக்கடலையில் புரதம் உண்டு என்று சுகாதார நிலையச் சுவரில் எழுதியிருந்தது. சமையல்கட்டில் கடலை ஊறிக்கொண்டிருந்தது.

செண்பகவடிவு புத்தகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, முப்பிடாதி சீட்டோடு ஓடிவருவாள். உச்சிமாகாளி மூன்று எழுத்து வாசித்து நிறுத்துவாள். பூரணவல்லி சமையல்கட்டுக்கு ஓடி ஒரே ஒரு கடலை கொண்டுவருவாள். ஊசியில் கோர்ப்பார்கள். பிறகு அடுத்த மூன்று எழுத்து. ஒரு பக்கம் முடிய இரண்டு நாள் ஆயிற்று, பத்து முழம் வந்தது. கோர்த்ததை என்ன செய்வது என்று பாடத்தில் தேடினார்கள். 'புரதம் உடல் வளர்ச்சிக்குப் பயன்படுகிறது' என்று இருந்தது. தின்றுவிட்டார்கள்.

வேலை முடிந்ததும் தூது ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும் என்று அடுத்த பக்கத்தில் கண்டதும் முப்பிடாதி சீட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

"என்னைய என்னளா பண்ணப் போறிய?"

மற்றவர்கள் கூடிப் பேசினார்கள். "பயப்படாத. உனக்குள்ள இருக்க சேதி அழிஞ்சாப் போதும். காலையில எழுதுனதைச் சாயங்காலம் மறந்துரணும்" என்றாள் பூரணவல்லி.

"இம்புட்டுதானா? நான் மத்தியானமே மறந்துருவேன்" என்றாள் முப்பிடாதி. சொன்னபடியே செய்தும் காட்டினாள்.

இப்படியே நாற்பது நாள். அரிசி அறைக்குள் வேறு வேலையில்லாத செண்பகவடிவுக்குப் புத்தகம் முழுவதும் தண்ணீர் பட்ட பாடு. ஒருநாள் ஜெபக்கனி டீச்சர் விடுதிப் பக்கம் வந்தபோது, அவள் புத்தகம் பார்க்காமல் பாடத்தை ஒப்பிப்பதைக் கேட்டு நெகிழ்ந்து போனார். போகும்போது மற்ற மூவரையும் கூப்பிட்டார்.

"நாளன்னைக்குப் பரீட்சை. நம்ம பிரிவோட உயிரே செண்பகம் கையிலதான் இருக்கு. அவளைப் பத்திரமாப் பாத்துக்கோங்க."

பத்திரமாகப் பார்த்துக்கொள்ள ஒரு பூட்டு வாங்கினார்கள்.

பரீட்சை நாள் காலையில் பள்ளி வாசலில் மூன்று பேர்தான் வந்து நின்றார்கள். டீச்சர் இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார்.

"செண்பகம் எங்கட்டி?"

"உட்கருவுல பத்திரமா இருக்கா டீச்சர். பூட்டியாச்சு."

"அப்ப யாரு பரீட்சை எழுதுவா?"

"நாங்கதான். டி.என்.ஏ. என்னைக்கு டீச்சர் வெளிய வந்து வேலை பாத்திருக்கு?"

மணியடிக்கக் கால் மணி நேரம் இருந்தது. டீச்சர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். வழியில் ஒரு செருப்பு அறுந்தது. மற்றதையும் உதறிவிட்டு ஓடினார். பூட்டைத் திறந்தால், செண்பகவடிவு மூட்டைமேல் அமைதியாக உட்கார்ந்திருந்தாள்.

"வாட்டி, நேரமாகுது!"

"என்னைச் சோதிக்கியளா டீச்சர்? டி.என்.ஏ. வெளிய வராது."

டீச்சர் கெஞ்சினார். கையைப் பிடித்து இழுத்தார். நாற்பது நாள் கடலை தின்ற உடம்பு, அசையவில்லை. கடைசியில் பதினாறு வருட உயிரியல்தான் கைகொடுத்தது.

"செல் பிரியும்போது உட்கரு உறை என்னட்டி ஆகும்?"

"கரைஞ்சிரும்."

"இப்ப செல் பிரியுது! உறை கரைஞ்சிட்டு! பாரு, கதவு திறந்து கிடக்கு!"

செண்பகவடிவு கதவைப் பார்த்தாள். பாடப்படி சரியாகத்தான் இருந்தது. எழுந்து வந்துவிட்டாள். பரீட்சை அறைக்குள் நுழையும்போது மற்ற மூவரின் காதிலும், "செல் பிரியுதாம்ளா, டீச்சரே சொல்லிட்டாவ" என்றாள். மூவரும் புரிந்ததுபோலத் தலையாட்டினார்கள்.

மூன்று மணி நேரமும் ஜெபக்கனி டீச்சர் வெறுங்காலோடு வேப்பமரத்தடியில் ஜெபம் செய்துகொண்டிருந்தார். செண்பகவடிவு சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"எல்லாக் கேள்விக்கும் எழுதினியா?"

"ஒண்ணு விடல டீச்சர். எல்லாம் தெரிஞ்ச கேள்வி."

டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டார். பிரிவு பிழைத்தது!

"ஒவ்வொரு வரியிலயும் இடது பாதியைத்தான் எழுதினேன்" என்றாள் செண்பகவடிவு.

கட்டிய கை தளர்ந்தது. "வலது பாதி?"

"செல் பிரியும்போது டி.என்.ஏ. ரெண்டு இழையாப் பிரியும்லா? ஒரு இழை இருந்தாப் போதும், மறு இழை தானா உண்டாயிரும். திருத்துறவுக கைக்குப் போகுமுன்ன வந்துரும் டீச்சர்."

டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் பொலபொலவென்று கண்ணீர். முப்பிடாதிக்கு மனசு பொறுக்கவில்லை.

"அழாதீங்க டீச்சர். தானா வரலைன்னா என்ன பண்ணன்னு யோசிச்சு, அந்த வலது பாதியை நாங்க மூணு பேரும் எங்க தாள்ல எழுதிட்டோம்."

"அவ என்ன எழுதினான்னு உங்களுக்கு எப்படிட்டி தெரியும்?"

"அது தெரியாது டீச்சர். ஆனா நாங்க பாடத்தை மீறல. ரெண்டு இழையும் எதிரெதிர்த் திசையிலதான் ஓடும்னு இருக்குல்லா? அதனால கடைசிக் கேள்வியில ஆரம்பிச்சு, கீழ இருந்து மேல எழுதிட்டு வந்தோம்."