கீரிக்குக் கண் தெரியாது என்று சொன்ன நரி

மஞ்சணத்திக் காட்டு விலங்குகளுக்குக் கூடைப்பந்து என்றால் உயிர். தூக்கணாங்குருவிகள் பின்னிக் கொடுத்த கூடை ஒன்று வேங்கை மரக் கிளையில் தொங்கும். பிரம்புப் பந்தை அதற்குள் எறிய வேண்டும். யானை, காட்டெருமை, கரடி மூன்றும் ஆளுக்கோர் அணி வைத்திருந்தன. கோடைப் போட்டியில் ஜெயிக்கும் அணிக்குக் குளத்தின் நிழற்கரை சொந்தம். தோற்றவர்களுக்கு வெயிற்கரை. சேறும் கொசுவும் இலவசம்.

கரடியின் அணிக்கு ஆள் பார்த்துச் சொல்லும் வேலை ஓரி என்ற நரியுடையது. ஓரி ஒருநாளும் பந்தைத் தொட்டதில்லை. அதனாலேயே ஆட்டத்தைப் பற்றி அதற்குத் தெரியாத விஷயமே கிடையாது.

கோடை பிறக்கும் முன் மூன்று அணிகளும் கூடி, முறை வைத்து ஆள் எடுக்கும். முதல் சுற்றுக்கு எந்த நிபுணரும் தேவையில்லை. சிறுத்தை பாயும் என்பதும் கடமான் ஓடும் என்பதும் நேற்றுப் பிறந்த தவளைக்கும் தெரியும். கடைசிச் சுற்றில்தான் சிக்கல். சந்தை கலைந்த பிறகு கிடக்கும் கத்தரிக்காய் போல மிச்சம் மீதிதான் நிற்கும். அதில் சொத்தை இல்லாததைப் பொறுக்குவதற்குத்தான் ஓரி போன்ற மேதைகள். ஆமையைச் சுற்றிவந்து, "பதற்றமில்லாத ஆட்டக்காரர்!" என்பார்கள். முள்ளம்பன்றியைத் தள்ளி நின்று பார்த்து, "எதிரணி நெருங்கவே யோசிக்கும்!" என்பார்கள். சொந்த அணியும்தான் நெருங்காது. அதை யாரும் கேட்பதில்லை.

ஒருநாள் ஓடைப் பக்கம் போன ஓரி, செம்பி என்ற கீரியைக் கண்டது. செம்பி தனியாகப் பந்து எறிந்து பழகிக்கொண்டிருந்தது. எறிகிற அழகுதான் வேடிக்கை! மரத்துக்கு முதுகைக் காட்டி நிற்கும். குனியும். பந்தை முன்னங்கால்களால் பற்றிப் பின்னங்கால்களுக்கு நடுவே விசிறி அடிக்கும். பந்து நேரே மரப்பொந்துக்குள் போய் விழும். மறுபடி எறிந்தாலும் பொந்துதான். தள்ளி நின்று எறிந்தாலும் பொந்துதான்.

ஓரி ஒரே பாய்ச்சலில் செம்பியின் பக்கத்தில் வந்து நின்றது.

"எதைப் பார்த்துக் குறி வைக்கிறாய், தங்கச்சி?"

"எதையும் பார்ப்பதில்லை அண்ணா! நாங்கள் முட்டையை இப்படித்தான் கல்லில் எறிந்து உடைப்போம். கைப்பழக்கம்" என்றது செம்பி. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டது: "கரடியார் அணியில் என்னைச் சேர்ப்பார்களா? எங்கள் வளைப் பக்கம் தண்ணீர் வற்றிவிட்டது. அணியில் இடம் கிடைத்தால் வீட்டாரும் குளத்தில் குடிக்கலாமாமே!"

"சேர்ப்பதா? உன்னை விட்டுவிடுவேனா! நீ மட்டும் யார் எதிரிலும் பந்தைத் தொடாதே. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்!"

நேர்மையான பிராணியாக இருந்தால் அப்போதே கரடியிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கும். ஓரி நிபுணர் அல்லவா? உட்கார்ந்து யோசித்தது. கடைசிச் சுற்றில் காட்டெருமைக்கு அடுத்துதான் கரடியின் முறை. காட்டெருமைக்கு மூக்கு வியர்த்துவிட்டால் செம்பி கைநழுவிப் போகும். கரடியிடமும் இப்போது சொல்லக் கூடாது. ஒரு தேன்கூட்டைக் காட்டினால் போதும், அது எல்லா ரகசியத்தையும் கொட்டிவிடும். தேர்வன்று காதோடு சொல்லிக்கொள்ளலாம்.

இப்படி முடிவு செய்துகொண்டு ஓரி காக்கையிடம் போனது.

"யாரிடமும் சொல்லிவிடாதே! பாவம் அந்தச் செம்பி. பாம்போடு சண்டை போட்டதில் விஷம் தெறித்து ஒரு கண் மங்கிப்போச்சாம்."

யாரிடமும் சொல்லாதே என்றால் காக்கைக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். உச்சிவெயில் சாய்வதற்குள் செம்பிக்கு இரண்டு கண்ணும் போயிருந்தது. அடுத்த நாள் அது தொற்றுநோயாகிவிட்டது. செம்பி தண்ணீர் குடித்த இடத்தில் முயல்கள் குடிக்க மறுத்தன.

அது போதாதென்று, காட்டெருமையைத் திசைதிருப்ப ஓரி ஒரு நாரையையும் பிடித்தது. பெயர் நெடுங்காலன். "என்ன உயரம்! என்ன நிதானம்! இப்படி ஓர் ஆட்டக்காரரை இந்தக் காடு கண்டதில்லை!" என்று போகிற இடமெல்லாம் புகழ்ந்தது. நெடுங்காலன் இதையெல்லாம் நம்பி, கழுத்தை இன்னும் நீட்டிக்கொண்டு நடந்தது.

செம்பி அழுதுகொண்டே ஓரியிடம் வந்தது. "அண்ணா, எனக்குக் கண் தெரியாதென்று யாரோ கதை கட்டிவிட்டிருக்கிறார்கள்! அம்மாகூட என் முகத்துக்கு நேரே விரலை ஆட்டிப் பார்க்கிறாள்!"

"அடடா! இப்படியும் பேசுவார்களா! நாக்கு அழுகிப்போகும்!" என்று தன் நாக்கை வைத்துக்கொண்டே சபித்தது ஓரி. "நீ எதற்கும் கலங்காதே. நல்லதே நடக்கும்!"

தேர்வு நாள் வந்தது. சுற்றுகள் நகர்ந்தன. சிறுத்தை போனது. கடமான் போனது. மந்திகள் போயின. கடைசிச் சுற்றில் காட்டெருமை நாரையை உற்றுப் பார்த்தது. பிறகு நரியை உற்றுப் பார்த்தது.

"நரி இவ்வளவு மெச்சுகிறதென்றால் அந்தச் சரக்கு எனக்கு வேண்டாம். காட்டுப்பன்றியை எடுத்துக்கொள்கிறேன்!" என்றது.

ஓரி துள்ளிக் குதித்துக் கரடியின் காதருகே போனது. "தலைவரே! செம்பி! கீரி செம்பியை எடுங்கள்!"

கரடி பதறி விலகியது. "அந்தக் குருட்டுக் கீரியையா? நம் அணிக்கே கண் போகவா?"

"அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும் தலைவரே! அத்தனையும் பொய்!"

"பொய்யென்று உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் தலைவரே கிளப்பிவிட்டேன்!"

கரடி தலையைச் சொறிந்தது. "அன்றைக்குச் சொன்னது பொய்யென்றால், இன்றைக்குச் சொல்வதை மட்டும் எப்படி நம்புவது?"

ஓரி பதில் சொல்வதற்குள் கரடியே தொடர்ந்தது.

"அதுவும் தவிர, நெடுங்காலன் இன்னும் நிற்கிறானே! காடே கண்டதில்லை என்று நீயே சொன்னாய். நம் அதிர்ஷ்டத்தைப் பார்!" என்ற கரடி, எழுந்து நின்று முழங்கியது: "நாரை எங்களுக்கு!"

அடுத்து யானையின் முறை. அது சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் செம்பியைக் கேட்டது: "கண் தெரியாதென்கிறார்களே, எறிவாயா?"

செம்பி ஓரியைப் பார்த்தது. ஓரி வேறெங்கோ பார்த்தது. செம்பி பந்தை எடுத்தது, கூடைக்கு முதுகைக் காட்டியது, எறிந்தது. கூடை குலுங்கியது.

"இவளுக்குக் கண் இருந்தால் என்ன, போனால் என்ன!" என்று யானை பிளிறியது. "இவள்தான் கூடையைப் பார்த்தே எறிவதில்லையே! வா பெண்ணே, எங்கள் அணிக்கு!"

கோடைப் போட்டியில் கரடியின் அணியும் யானையின் அணியும் மோதின. நெடுங்காலன் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு ஆடுகளத்தின் நடுவே நின்றது. பந்து அதன் காலுக்கடியில் போனது, தலைக்கு மேலே போனது. அது அசையவில்லை. மீனுக்குக் காத்திருப்பது போலக் காத்திருந்தது. நிதானம் என்றால் அப்படி ஒரு நிதானம்! மறுபக்கம் செம்பி முதுகைக் காட்டிய போதெல்லாம் கூடை நிறைந்தது.

கரடியின் அணி வெயிற்கரைக்குப் போனது. கரடி சேற்றில் கால் வைத்ததும் முதல் வேலையாக ஓரியை அணியை விட்டு விரட்டியது.

காட்டெருமையிடம் வேலை கேட்டுப் போனது ஓரி. அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. கடைசியில் நிழற்கரைக்குப் போய், வீட்டாரோடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த செம்பியிடம் கெஞ்சியது.

"தங்கச்சி, யானையாரிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்லேன்! உன் திறமையை முதலில் கண்டுபிடித்ததே நான்தான், தெரியுமா?"

"தெரியும் அண்ணா" என்றது செம்பி. "நீங்கள் கண்டுபிடித்தது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். வெளியே சொன்னது மட்டும் வேறு மாதிரி. தேர்வன்று கரடியாரிடம் நீங்களே ஒப்புக்கொண்டது என் காதில் விழுந்தது. உங்களைப் பற்றி நான் நல்லதாக ஏதாவது சொன்னால் யானையார் காரணம் கேட்பார். என்ன சொல்லட்டும்?"

ஓரி எழுந்து வெயிற்கரைப் பக்கம் நடந்தது.

நீதி: நல்லதை மலிவாக அடைய வேண்டுமென்று அதைத் தூற்றுகிறவன், அதன் அருமையைச் சொல்ல வேண்டிய வேளையில் தன் வாய்க்கே மதிப்பில்லாமல் நிற்பான்.